எண்சாண் உடம்புக்குத் தலையே பிரதானம்

(நியூ ஜெர்சியில் ஒரு தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை, எழுத்து வடிவில்)

விழாத் தலைவர் அவர்களே, சங்கச் செயலாளர் அவர்களே, இந்த அரங்கை வாடகை வாங்காமல் நமக்குத் திறந்துவிட்ட பள்ளி நிர்வாகத்தினரே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகரமன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களே, நம் வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் தலைமையாசிரியை அவர்களே, அவரோடு சம்பளம் இல்லாமல் உழைக்கும் ஆசிரியப் பெருமக்களே, பெரியோர்களே, தாய்மார்களே, சலங்கை கட்டிக்கொண்டு மேடைக்குப் பின்னால் காத்திருக்கும் குழந்தைச் செல்வங்களே, அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

இரண்டு பேரைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஒருவர், இரவுப் பணி முடித்துத் தூங்காமல் நேராக இங்கே வந்திருக்கும் நரம்பியல் மருத்துவர் ஐயா அவர்கள். இன்னொருவர், தமிழ் தெரியாவிட்டாலும் நம் அழைப்பை மதித்து வந்திருக்கும் உயர்நிலைப் பள்ளி ஃபுட்பால் கோச். நான் என்ன பேசப்போகிறேன் என்பதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகும் வந்திருக்கிறார் என்றால் அது பெரிய மனது. இருவருக்கும் ஒரு கைதட்டல் கொடுங்கள்.

சென்ற ஆண்டு இதே மேடையில் பேசிய பேராசிரியர் அவர்கள் சங்க இலக்கியத்தில் விளையாட்டுகள் என்ற தலைப்பில் அருமையாகப் பேசினார். அந்த உரையைக் கேட்டவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கச் சொல்லி என்னைப் பணித்த செயலாளருக்கு நன்றி.

நவம்பர் மாதம், சனிக்கிழமை. இந்த மாநிலத்தில் இப்போது எந்த ஊர் மைதானத்துக்குப் போனாலும் ஃபுட்பால்தான், நம் ஊர்க் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஃபுட்பால். நம் பிள்ளைகளும் ஆடுகிறார்கள், நாமும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து பார்க்கிறோம். அந்த ஆட்டம் இந்த நாட்டின் கல்லூரிகளில் பிறந்து வளர்ந்த கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன். நான்கு பகுதிகள். ஆட்டம் எப்படிப் பிறந்தது, அதன் விதிகள் எப்படி மாறின, கார்லைல் என்ற பழங்குடி மாணவர் பள்ளி அதற்கு என்ன கொடுத்தது, அப்புறம் பணம் எப்படி உள்ளே நுழைந்தது. நான்கிலும் ஒரே பழமொழி திரும்பத் திரும்ப வரும். நம் பாட்டிமார் சொன்னதுதான். எண்சாண் உடம்புக்குத் தலையே பிரதானம்.

முதல் ஆட்டம் நடந்த இடம் வெகுதூரத்தில் இல்லை. உங்களில் பாதிப் பேர் வேலைக்குப் போகும் வழியில் கடந்து போகிற நியூ பிரன்ஸ்விக் நகரம்தான். 1869 நவம்பர் 6. ரட்கர்ஸ் கல்லூரி ஒரு பக்கம், பிரின்ஸ்டன் மறுபக்கம். பிரின்ஸ்டனுக்கு அப்போது நியூ ஜெர்சி கல்லூரி என்றுதான் பெயர். பிரின்ஸ்டன் மாணவர்கள் காலையில் ரயிலேறி வந்தார்கள். மதியம் 3 மணிக்கு ஆட்டம். காலேஜ் அவென்யூவில் ரட்கர்ஸின் உடற்பயிற்சிக் கூடம் இருக்கும் இடத்தில் அன்று வெறும் புல்வெளி. வேடிக்கை பார்க்க ஏறக்குறைய 100 பேர். அவர்களில் சிலர் மரவேலியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள்.

ஒரு பக்கத்துக்கு எத்தனை ஆட்டக்காரர்கள் தெரியுமா? 25 பேர். ஆக, ஒரே மைதானத்தில் 50 பேர்! பந்து உருண்டை. காலால் உதைக்கலாம், கையால் தட்டலாம். தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது, வீசவும் கூடாது. இன்று பார்ப்பவர்கள் அதைச் சாக்கர், அதாவது நம் ஊர்க் கால்பந்து என்றுதான் சொல்வார்கள். சீருடை கிடையாது. கோட்டையும் தொப்பியையும் கழற்றி வைத்துவிட்டு இறங்கினார்கள். யார் எந்தப் பக்கம் என்று அடையாளம் தெரிய வேண்டுமே, அதற்காக ரட்கர்ஸ் மாணவர்கள் சிலர் சிவப்புத் துணியைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டார்கள். கவனியுங்கள், இந்த ஆட்டத்தில் தலைக்கு முதன்முதலில் கிடைத்தது ஒரு முழத் துணி. அதுவும் பாதுகாப்புக்காக இல்லை, அடையாளத்துக்காக.

பிரின்ஸ்டன் பையன்கள் உயரமானவர்கள். அதனால் ரட்கர்ஸ் தலைவர் வில்லியம் லெகெட், பந்தைத் தரையோடு தரையாகக் குட்டை உதைகளாகக் கொண்டுபோகச் சொன்னார். நடுவில் பந்து வேலிப் பக்கம் உருண்டது. பிக் மைக் என்று அழைக்கப்பட்ட பிரின்ஸ்டன் மாணவர் ஒருவரும் ரட்கர்ஸின் ஜார்ஜ் லார்ஜும் அதைத் துரத்திக்கொண்டு போய் வேலியில் மோதினார்கள். வேலி சாய்ந்தது, மேலே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் கீழே விழுந்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த ஒரு பேராசிரியர் குடையை ஆட்டி, உங்களுக்கு நல்ல முடிவு வராது என்று கத்திவிட்டுப் போனதாக ரட்கர்ஸில் காலம்காலமாகச் சொல்கிறார்கள்.

பத்தாவது கோல் விழுந்ததும் ஆட்டம் முடிந்தது. ரட்கர்ஸ் 6, பிரின்ஸ்டன் 4. இரவு இரண்டு அணியும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுப் பாட்டுப் பாடிவிட்டுப் பிரிந்தார்கள். பிரின்ஸ்டன் தலைவராக இருந்த வில்லியம் கம்மியர் பிற்காலத்தில் இந்த மாநில உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ஆனார். படிப்பும் விளையாட்டும் ஒன்றாகப் போகாது என்று சொல்லும் பெற்றோர் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

ஒரு வாரம் கழித்துப் பிரின்ஸ்டனில் மறு ஆட்டம். அங்கே அவர்கள் ஊர் விதி. பந்தைப் பிடித்துவிட்டால் தடையில்லாமல் உதைக்கலாம். 8-0 என்று பிரின்ஸ்டன் ஜெயித்தது. மூன்றாவது ஆட்டம் நடக்கவேயில்லை.

அந்தக் காலத்தில் எந்த ஊருக்குப் போகிறோமோ அந்த ஊர் விதிதான் சட்டம். ஹார்வர்டில் ஒரு விதி, யேலில் ஒரு விதி. ஹார்வர்டு மாணவர்களுக்குப் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடும் பழக்கம் இருந்தது, அதை விட மனமில்லாமல் மற்ற கல்லூரிகளோடு சேராமல் ஒதுங்கியே இருந்தார்கள். 1874 மே மாதம் கனடாவிலிருந்து மெகில் பல்கலைக்கழக அணி வந்தது. முதல் நாள் ஹார்வர்டு விதிப்படி ஆடினார்கள், மறுநாள் மெகில் விதிப்படி ரக்பி. நீள்வட்டப் பந்து, ஓட்டம், பிடித்துச் சாய்ப்பது. ஹார்வர்டுக்கு அது பிடித்துப்போய்விட்டது. அடுத்த ஆண்டு அதே பாணியில் யேலோடு ஆடி வென்றார்கள். 1876 நவம்பரில் மாசசூசெட்ஸில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து மாசசாய்ட் ஹவுஸ் விடுதியில் கல்லூரி மாணவர்கள் கூடிப் பேசி, ரக்பியை ஒட்டிய பொது விதிகளை ஏற்றுக்கொண்டார்கள். ரட்கர்ஸ் பையன்கள் காலால் தட்டி ஆடிய விளையாட்டு, ஏழே ஆண்டில் ஆளை ஆள் பிடித்துக் கீழே தள்ளும் விளையாட்டாகிவிட்டது. கபடியில் பாடிக்கொண்டு வந்தவனை ஏழு பேர் சேர்ந்து அமுக்குகிறோமே, அதே உடல் வேகம். ஆனால் நாம் மண்ணில் அமுக்குவோம், அங்கே எதிரெதிராக ஓடிவந்து மோதினார்கள்.

இப்போது வால்ட்டர் கேம்ப் என்ற மனிதரிடம் வருவோம். கனெக்டிகட்டில் பிறந்தவர், யேலில் படித்தவர். இன்று நீங்கள் தொலைக்காட்சியில் பார்க்கும் ஃபுட்பாலுக்கு உருவம் கொடுத்தவர் இவர்தான். 1880இல் ஒரு பக்கத்துக்கு 11 பேர் என்று குறைத்தது, இரண்டு அணியும் ஒரு கோட்டின் இருபுறமும் நின்று பந்தைப் பின்னுக்குத் தட்டி ஆட்டத்தைத் தொடங்குவது, எல்லாம் அவர் யோசனை. அந்த யோசனையில் ஒரு ஓட்டை இருந்தது. 1881இல் யேலும் பிரின்ஸ்டனும் மோதியபோது ஒரு பாதி முழுக்க ஓர் அணியே பந்தை வைத்துக்கொண்டது, மறு பாதி முழுக்க அடுத்த அணி வைத்துக்கொண்டது. 0-0. பார்க்க வந்தவர்கள் பாவம்! உடனே 1882இல் புதிய விதி கொண்டுவந்தார். மூன்று முயற்சிக்குள் 5 கஜம் முன்னேற வேண்டும், இல்லாவிட்டால் பந்தை விட்டுக்கொடுக்க வேண்டும். அந்த 5 கஜத்தை அளக்கத்தான் மைதானத்தில் குறுக்குக் கோடுகள் வந்தன.

இந்த மனிதர் ஓட்டையைப் பார்த்த உடனே ஓராண்டில் விதியை மாற்றினார். ஆட்டம் சலிப்பாக இருக்கிறது என்றால் ஓராண்டில் விதி மாறும். பையன்கள் தலை உடைகிறது என்றால் எத்தனை ஆண்டு ஆகும்? அதைத்தான் இனி பார்க்கப் போகிறீர்கள். எண்சாண் உடம்புக்குத் தலையே பிரதானம் என்பதை அவர்கள் தெரிந்துகொள்ள ரொம்ப நாள் பிடித்தது.

5 கஜம் போதும் என்றால் என்ன செய்வார்கள்? கும்பலாகச் சேர்ந்து தள்ளுவார்கள். 1888இல் இடுப்புக்குக் கீழே பிடித்துச் சாய்க்கலாம் என்று அனுமதித்ததும் ஆட்டக்காரர்கள் நெருங்கி நின்று மொத்தமாக மோதுவது வழக்கமானது. 1892இல் லோரின் டீலண்டு என்ற பாஸ்டன்காரர் ஹார்வர்டுக்கு ஒரு வியூகம் சொல்லிக்கொடுத்தார். அவர் ஃபுட்பால் ஆடியவரே இல்லை, சதுரங்கப் பிரியர். நெப்போலியனின் போர் முறைகளைப் படித்து அதிலிருந்து ஒரு யுக்தி கண்டுபிடித்தார். ஆட்டக்காரர்கள் இரண்டு பிரிவாகத் தூரத்தில் நிற்க வேண்டும். சைகை கிடைத்ததும் இரண்டு பிரிவும் முழு வேகத்தில் ஓடிவந்து ஆப்பு வடிவில் ஒன்று சேர வேண்டும், பந்து வைத்திருப்பவன் அதற்குள் ஒளிந்துகொண்டு ஓட வேண்டும். எதிரே ஒற்றை ஆளாக நிற்கிற பையனை நினைத்துப் பாருங்கள். பறக்கும் ஆப்பு என்று பெயர் பெற்ற அந்த வியூகத்தை யேலுக்கு எதிராக இறக்கினார்கள். அந்த ஆட்டத்தில் யேல்தான் ஜெயித்தது, ஆனால் நாடெங்கும் எல்லாக் கல்லூரியும் ஆப்பைப் பிடித்துக்கொண்டது. இரண்டே ஆண்டில் அதைத் தடை செய்ய வேண்டியதாயிற்று. அதே 1894இல் ஹார்வர்டும் யேலும் ஸ்பிரிங்ஃபீல்டில் ஆடிய ஆட்டம் ரத்தக்களரியாகி, இரண்டு கல்லூரியும் சில ஆண்டுகள் ஒருவரோடு ஒருவர் ஆடுவதையே நிறுத்திவிட்டார்கள்.

அந்தக் காலத்தில் தலைக்கு என்ன பாதுகாப்பு? முடி! வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. தலையில் அடிபடாமல் இருக்க ஆட்டக்காரர்கள் முடியை வளர்த்துக்கொண்டார்கள். 1890களின் அணிப் புகைப்படங்களைப் பாருங்கள், நம் ஊர்க் கூத்துக்காரர்கள் மாதிரி அடர்ந்த முடியோடு நிற்பார்கள். 1893இல் கடற்படைக் கல்லூரி மாணவர் ஜோசப் ரீவ்ஸிடம் மருத்துவர், இன்னொரு முறை தலையில் உதைபட்டால் புத்தி பேதலித்துவிடும் என்று எச்சரித்தார். ராணுவக் கல்லூரியோடு ஆட வேண்டிய முக்கியமான ஆட்டம் வருகிறது. ரீவ்ஸ் என்ன செய்தார் தெரியுமா? அனாபொலிஸில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் போய்த் தலைக்கு ஒரு கெட்டித் தொப்பி தைத்து வாங்கிக்கொண்டார். இந்த ஆட்டத்தின் முதல் ஹெல்மெட் என்று அதைத்தான் சொல்கிறார்கள். ரீவ்ஸ் பிற்காலத்தில் அமெரிக்கக் கடற்படையின் அட்மிரல் ஆனார். ஒரு மருத்துவர் சொன்ன சொல்லும் ஒரு செருப்புத் தைப்பவரின் கைவேலையும் சேர்ந்து ஒரு தலையைக் காப்பாற்றின.

சரி, எல்லோரும் உடனே ஹெல்மெட் போட்டுக்கொண்டார்களா? இல்லை. கல்லூரி ஆட்டத்தில் ஹெல்மெட் கட்டாயமானது 1939இல். 46 ஆண்டுகள்! அதற்குள் எத்தனை தலைமுறை மாணவர்கள் ஆடி முடித்திருப்பார்கள்!

இப்போது ஒரு கதை சொல்லப் போகிறேன். தாய்மார்கள் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். நான் எந்தக் கூட்டத்தில் பேசினாலும் இந்தக் கதையைச் சொல்லாமல் இறங்குவதில்லை.

ஜார்ஜியா மாநிலத்தில் ரோம் என்று ஒரு ஊர். அந்த ஊர்ப் பையன் வான் காமன். முழுப் பெயர் ரிச்சர்டு வான் ஆல்பேட் காமன். பதின்ம வயது, ஆஜானுபாகு, ஜார்ஜியா பல்கலைக்கழக அணியின் நட்சத்திரம். 1897 அக்டோபர் 30, அட்லாண்டாவில் விர்ஜினியா பல்கலைக்கழகத்தோடு ஆட்டம். இரண்டாம் பாதி. விர்ஜினியா அணி கும்பலாகத் தள்ளிக்கொண்டு வருகிறது. வான் அந்தக் கும்பலைத் தடுக்கப் பாய்கிறான். அவன் மேல் எல்லோரும் விழுகிறார்கள். ஒவ்வொருவராக எழுந்திருக்கிறார்கள். வான் மட்டும் எழுந்திருக்கவில்லை. தலையில் பலத்த அடி. தோழர்கள் தூக்கிக்கொண்டு போகும்போது, விட்டுக்கொடுத்துவிடுவாயா வான் என்று அணித் தலைவர் கேட்டதாகவும், மாட்டேன், எனக்கு ஜார்ஜியாக்காரனின் நெஞ்சுரம் இருக்கிறது என்று அவன் சொன்னதாகவும் அந்த மாநிலத்தில் இன்றைக்கும் சொல்வார்கள். மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். விடிவதற்குள் உயிர் போய்விட்டது.

மாநிலமே கொதித்தது. செய்தித்தாள்கள் எல்லாம் ஆட்டத்தைத் தடை செய் என்று எழுதின. ஜார்ஜியா பல்கலைக்கழக அணி கலைந்தது. பக்கத்துக் கல்லூரிகளும் அணிகளைக் கலைத்தன. சட்டமன்றத்தில் ஃபுட்பாலைத் தடை செய்யும் மசோதா வந்தது, பெரும் ஆதரவோடு நிறைவேறியது. ஆளுநர் வில்லியம் அட்கின்சன் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

அப்போது ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ரோசலிண்டு காமன். வானைப் பெற்ற தாய்.

மகனைப் பறிகொடுத்த தாய் என்ன எழுதியிருப்பார் என்று நினைக்கிறீர்கள்? இந்தப் பாழாய்ப்போன ஆட்டத்தை ஒழித்துக்கட்டுங்கள் என்று எழுதியிருந்தால் யாராவது குறை சொல்வோமா? அவர் அப்படி எழுதவில்லை. என் மகன் உயிராய் நேசித்த ஆட்டத்தை அவன் சாவைக் காட்டி ஒழித்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். ஊர்ப் பிரதிநிதிக்கு எழுதிய அந்தக் கடிதம் ஆளுநர் வரைக்கும் போனது. டிசம்பரில் ஆளுநர் மசோதாவுக்குக் கையெழுத்துப் போட மறுத்தார். ஜார்ஜியாவில் ஃபுட்பால் பிழைத்தது. 1921இல் விர்ஜினியா பல்கலைக்கழகத்தார் வான் காமனையும் அவன் தாயையும் போற்றும் வெண்கலப் பலகை ஒன்றை ஜார்ஜியாவுக்கு அளித்தார்கள். எதிரணிக்காரர்கள் செய்த மரியாதை!

இந்தக் கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் இங்கேயே நிறுத்திக் கைதட்டல் வாங்கிவிடுவார்கள். கடிதத்தில் அந்தத் தாய் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். மாணவர் நலனுக்குத் தேவையான மாற்றங்களையெல்லாம் பல்கலைக்கழகத்தார் செய்வார்கள் என்று நம்பலாம் என்றார். தேவையான மாற்றங்கள்! ஆட்டத்தைக் காப்பாற்றச் சொன்ன அதே மூச்சில் ஆட்டத்தை மாற்றவும் சொல்லியிருக்கிறார் அந்த மகராசி. முதல் வேண்டுகோளை மூன்றே மாதத்துக்குள் நிறைவேற்றினார்கள். இரண்டாவது வேண்டுகோளுக்கு இன்னும் எட்டு ஆண்டுகள் ஆயின, இன்னும் பல தாய்மார்கள் அழுத பிறகு.

1905ஆம் ஆண்டு சீசன் முடிந்தபோது சிகாகோ டிரிபியூன் நாளிதழ் ஒரு கணக்கு வெளியிட்டது. 18 பேர் சாவு, 159 பேருக்குப் பலத்த காயம். இறந்தவர்களில் பெரும்பாலோர் புகழ்பெற்ற கல்லூரிகளின் பயில்வான்கள் அல்ல, பள்ளிக்கூடப் பையன்கள். பெரிய அண்ணன்கள் ஆடுவதைப் பார்த்து அதே மாதிரி மோதியவர்கள். இதைத்தான் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அப்போது குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட். ஃபுட்பால் பிரியர், அவர் மகனே ஹார்வர்டு முதலாண்டு அணியில் ஆடி மூக்கு உடைந்து வந்தவன். அந்த அக்டோபரிலேயே ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்கு வரவழைத்து, ஆட்டத்தைச் சுத்தப்படுத்துங்கள் என்று சொன்னார். வால்ட்டர் கேம்பும் வந்திருந்தார். நவம்பர் 25 அன்று யூனியன் கல்லூரியின் ஹெரால்டு மூர், நியூயார்க் பல்கலைக்கழகத்தோடு ஆடும்போது தலையில் அடிபட்டு இறந்தார். அந்தப் பல்கலைக்கழகத்தின் வேந்தர் ஹென்றி மெக்கிராக்கன் கல்லூரிகளையெல்லாம் கூட்டினார். டிசம்பர் 28, நியூயார்க்கில் 62 கல்லூரிகள் ஒன்றுகூடின. அந்தக் கூட்டத்தில் பிறந்த அமைப்புதான் இன்று கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. கொலம்பியா பல்கலைக்கழகம் ஆட்டத்தையே கைவிட்டது. ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் ரக்பிக்கு மாறின.

1906இல் புதிய விதிகள் வந்தன. 5 கஜம் என்பது 10 கஜமாயிற்று. இரண்டு அணிக்கும் நடுவே ஒரு பந்து நீளம் இடைவெளி. எல்லாவற்றையும்விடப் பெரியது, பந்தை முன்னோக்கி வீசலாம் என்ற அனுமதி. கும்பலாக இடித்துத் தள்ளும் ஆட்டத்தை மைதானம் முழுக்கப் பரப்பிவிட்டால் தலைகள் மோதுவது குறையும் என்பது எண்ணம். செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தின் எட்டி கோச்செம்ஸ் என்ற கோச் உடனே அதைப் பிடித்துக்கொண்டார். 1906 செப்டம்பர் 5, விஸ்கான்சினில் வாக்கஷா என்ற ஊரில் அவருடைய ஆட்டக்காரர் பிராட்பரி ராபின்சன் முதல் வீச்சை வீசினார். யாரும் பிடிக்காமல் கீழே விழுந்தது. அன்றைய விதிப்படி பந்தே எதிரணிக்குப் போய்விட்டது! அதோடு விட்டுவிடவில்லை, மறுபடி வீசினார், ஜேக் ஷ்னைடர் பிடித்து டச்டவுன் போட்டார், அதாவது எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்தார். 1913இல் நாட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் கஸ் டோரேயும் நூட் ராக்னியும் கோடையில் ஈரி ஏரிக்கரையில் வேலை செய்துகொண்டே வீசிப் பிடித்துப் பழகி, நவம்பரில் வெஸ்ட் பாயிண்டுக்குப் போய் ராணுவ அணியை 35-13 என்று தோற்கடித்தார்கள். அதற்குப் பிறகு வீச்சை யாரும் கேலி பேசவில்லை. இன்று நீங்கள் வியந்து பார்க்கும் அந்த நீள வீச்சு, அழகுக்காகப் பிறந்தது இல்லை. தலைகளைக் காப்பாற்றப் பிறந்தது. எண்சாண் உடம்புக்குத் தலையே பிரதானம் என்று ஒத்துக்கொண்டதால் ஆட்டம் கெட்டுப்போகவில்லை, முன்பைவிட அழகாயிற்று.

கார்லைல் பள்ளியைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். பென்சில்வேனியாவில் பழங்குடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து, தாய்மொழியைப் பேசவிடாமல் வளர்த்த பள்ளி அது. தாய்மொழிக்காகச் சனிக்கிழமை தோறும் பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு வரும் நமக்கு அந்தக் கொடுமை புரியும். அந்தப் பிள்ளைகள் மைதானத்தில் இறங்கினால் உடல் பருமனை நம்பவில்லை, மூளையை நம்பினார்கள். 1903இல் ஹார்வர்டோடு ஆடும்போது பந்தைச் சார்லி டில்லன் என்ற ஆட்டக்காரரின் சட்டைக்குள் முதுகுப் பக்கம் செருகிவிட்டார்கள். ஹார்வர்டு அணி பந்தைத் தேடிக்கொண்டிருக்க, அவர் நேரே கோட்டைத் தாண்டிவிட்டார். 1912இல் ஜிம் தார்ப் ஆடிய கார்லைல் அணி, ராணுவக் கல்லூரியை அதன் சொந்த மைதானத்திலேயே 27-6 என்று வீழ்த்தியது. எதிரணியில் இருந்தவர்களில் ஒருவர் பின்னாளில் குடியரசுத் தலைவரான ஐசனோவர். காது கேளாதோருக்கான கல்லாடெட் கல்லூரி மாணவர்களும் இப்படித்தான். சைகை மொழியில் பேசும் திட்டம் எதிரணிக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று 1894இல் பால் ஹப்பர்டு தன் அணியை வட்டமாகக் கூட்டி நிறுத்தினார். இன்று எல்லா அணியும் ஆட்டத்துக்கு ஆட்டம் வட்டமாகக் கூடுகிறதே, அது காது கேளாத மாணவர்கள் கொடுத்த கொடை.

பணம் 1892இலேயே உள்ளே வந்துவிட்டது. யேலில் ஆடிய வில்லியம் ஹெஃபல்ஃபிங்கருக்குப் பிட்ஸ்பர்க் பக்கத்தில் ஒரு கிளப் ஒரே ஒரு ஆட்டத்துக்கு 500 டாலர் கொடுத்தது. அது பெரிய கதை. நான் அதைவிட அவசரமான ஒன்றுக்கு வந்தாக வேண்டும், மருத்துவர் ஐயா வேறு கடிகாரத்தைப் பார்க்கிறார், அவர் தூங்க வேண்டும்.

1905இல் இறந்தவர்கள் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள் என்று சொன்னேன். அன்று கூடிப் பேசியவர்கள் எல்லோரும் கல்லூரிக்காரர்கள். விதி எழுதியதும் கல்லூரிக்குத்தான். தெருவில் ஆடும் பத்து வயதுப் பையனுக்காக அந்த அறையில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. இன்றைக்கும் நம் ஊரில் ஏழு வயது, எட்டு வயதுப் பிள்ளைக்குப் பெரியவர்கள் மாதிரி ஹெல்மெட் மாட்டி, தோளில் கவசம் கட்டி, மோதிச் சாய்க்கும் டேக்கிள் ஆட்டத்தில் இறக்கிவிடுகிறோம்.

ஹெல்மெட் இருக்கிறதே என்பீர்கள். ஹெல்மெட் மண்டை ஓட்டைக் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை அது தடுக்காது. மருத்துவர் ஐயா தலையசைக்கிறார் பாருங்கள். நைஜீரியாவிலிருந்து வந்த மருத்துவர் பென்னட் ஒமாலு, மைக் வெப்ஸ்டர் என்ற பெரிய ஆட்டக்காரரின் மூளையைப் பிரேதப் பரிசோதனையில் ஆராய்ந்து, பல ஆண்டுகள் அடிமேல் அடிபட்டதால் வந்த சிதைவைக் கண்டு 2005இல் எழுதினார். நம்மைப் போலவே இந்த நாட்டுக்குப் பிழைக்க வந்தவர் ஒருவர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்க ஃபுட்பால் உலகம் எத்தனை தயங்கியது! அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இல் வெளியிட்ட ஆய்வில், 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளில் டேக்கிள் ஆடுபவர்களுக்கு, இடுப்பில் செருகிய துணிப்பட்டையைப் பறிக்கும் ஃபிளாக் ஃபுட்பால் ஆடுபவர்களைவிட 15 மடங்கு அதிகமாகத் தலையில் அடிபடுகிறது என்று கண்டார்கள். 15 மடங்கு! இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

எங்கள் தெருவில் ஒரு பையன். நம் பிள்ளைதான், பதினோரு வயது. ஒரு பயிற்சியில் தலையில் அடிபட்டு, எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று தெரியாமல் நின்றான். தண்ணீர் கொடுத்துத் திரும்ப ஆட அனுப்பிவிட்டார்கள். மைதானத்தில் அடிபட்டதை அடையாளம் காணப் பயிற்சி பெற்றவர் ஒருவர்கூட இல்லை. அந்தப் பிள்ளை பல வாரம் இருட்டறையில் படுத்திருந்தான், புத்தகத்தைத் திறந்தால் தலைவலி. அவன் அம்மா இந்த அரங்கில்தான் இருக்கிறார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். அடிபட்ட பிள்ளையை அன்றே திரும்ப ஆடவிடக் கூடாது என்ற சட்டம் 2009இல் வாஷிங்டன் மாநிலத்தில் தொடங்கி, 2014க்குள் எல்லா மாநிலத்திலும் ஏதோ ஒரு வடிவில் வந்துவிட்டது. சட்டம் இருக்கிறது, அதைச் செய்ய ஆள் இருக்கிறார்களா?

நான் ஆட்டத்தைத் தடை செய்யச் சொல்லவில்லை. ரோசலிண்டு அம்மையார் கேட்காததை நான் கேட்க மாட்டேன். அவர் கேட்ட மாற்றத்தைத்தான் கேட்கிறேன். 14 வயது வரைக்கும் நம் பிள்ளைகள் ஃபிளாக் ஃபுட்பால் ஆடட்டும். ஓட்டம் இருக்கிறது, வீச்சு இருக்கிறது, வட்டமாகக் கூடித் திட்டம் போடுவது இருக்கிறது. பெண் பிள்ளைகளும் ஆடலாம். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கிலேயே அது சேர்ந்துவிட்டது. டேக்கிள் ஆட ஆசைப்படும் பிள்ளை உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகு, உடம்பு தேறிய பிறகு, சரியான முறையில் கற்றுக்கொண்டு ஆடட்டும். இதோ கோச் அவர்கள் உட்கார்ந்திருக்கிறார். ஃபிளாக் ஆடிப் பழகிய பிள்ளைகளைச் சந்தோஷமாகச் சேர்த்துக்கொள்வேன் என்று என்னிடம் சொன்னார். என் பையன் பின்தங்கிவிடுவானோ என்று பயப்படும் அப்பாக்களுக்கு அவருடைய பதில் போதும். அதையும் மீறித் தயங்குபவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். எண்சாண் உடம்புக்குத் தலையே பிரதானம். நாம் கடல் தாண்டி வந்தது பிள்ளைகளின் தலைக்குள் இருப்பதை நம்பித்தானே?

சங்கத் தலைவரிடம் ஒரு வேண்டுகோள். நம் சங்கம் நடத்தும் வசந்தகால விளையாட்டு விழாவில் சிறுவர்களுக்கு ஃபிளாக் ஆட்டம் மட்டுமே என்று செயற்குழுவில் தீர்மானம் போட வேண்டும். நகரமன்ற அம்மையாரிடம் இன்னொரு வேண்டுகோள். ஊர் மைதானத்தில் நடக்கும் சிறுவர் பயிற்சி ஒவ்வொன்றிலும் தலையடியைக் கண்டறியப் பயிற்சி பெற்ற ஒருவர் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் மைதானத்துக்கு அனுமதி கிடையாது என்று விதி கொண்டுவர நீங்கள் உதவ வேண்டும். இதற்கான மனு அரங்கத்தின் வாசலில், காபி வைத்திருக்கும் மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. தமிழ்ப் பள்ளியின் மூத்த மாணவர்கள் இருவர் அங்கே நிற்கிறார்கள். பெயர், ஊர், கையெழுத்து, இவ்வளவு போதும். இந்த ஊரில் வசிப்பவர்கள் மட்டும் முதல் தாளில் போடுங்கள், மற்ற ஊர்க்காரர்களுக்கு இரண்டாம் தாள். நாட்டிய நிகழ்ச்சி முடிந்து சாப்பாட்டுக்குப் போகும் வழியில் மறக்காமல் போட்டுவிடுங்கள். மருத்துவர் ஐயா முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். நன்றி, வணக்கம்.